மறு: மைக்ரோமேனேஜ்மென்ட் – ‘ஆணைச்சுமை’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சிக்கலான விண்வெளி வியூக ஆட்டங்களை வாங்கலாமா வேண்டாமா என்று வாசகர் முடிவெடுக்க உதவும் கட்டுரைக்காக நம் நண்பர் கேட்ட தமிழ்க் கலைச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு உடன்பாடு வந்துவிட்டது. ஒவ்வொரு சிறு வேலையையும் ஆடுபவரே கவனிக்க வேண்டியிருப்பதைக் குறிக்கும் மைக்ரோமேனேஜ்மென்ட் மட்டும் இழுபறியில் நிற்கிறது. என் கணிப்பில் அந்தக் கட்டுரைக்கு உயிரான சொல்லே அதுதான். படம் அழகா, கதை உண்டா, எத்தனை இனங்கள் இருக்கின்றன என்பதையெல்லாம் விற்பனைப் பக்கமே சொல்லிவிடும். ஐம்பது கோள்களைப் பிடித்த பிறகு அந்த ஆட்டம் நம்மிடம் எவ்வளவு வேலை வாங்கும் என்பதை அது சொல்லாது. வாங்கியவர் பாதியில் கைவிடுவதும் வருடக்கணக்கில் ஆடுவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> நுண்மேலாண்மை என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனால் அது அலுவலகச் சூழலுக்குப் பொருந்துவது. மேலதிகாரி ஒருவர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் ஒவ்வொரு அசைவிலும் தலையிட்டால் அது நுண்மேலாண்மை. அங்கே குறை தலையிடுபவருடையது. ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். ஆடுபவர் ஒதுங்கி நிற்க நினைத்தாலும் ஆட்டம் விடுவதில்லை. இந்தக் கோளில் அடுத்து என்ன கட்டுவது, அந்தக் கப்பல் சும்மா நிற்கிறதே எங்கே அனுப்புவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கே குறை ஆட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. ‘இந்த ஆட்டத்தில் நுண்மேலாண்மை அதிகம்’ என்று எழுதினால், விவரம் அறியாத வாசகர் அதை ஒரு சிறப்பாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். மேலாண்மை என்ற சொல்லில் அப்படி ஒரு மதிப்பு ஒட்டியிருக்கிறது. வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இது வழிகாட்டாது.

நான் முன்வைப்பது ‘ஆணைச்சுமை’. ஒரு சுற்றில், அல்லது குறிப்பிட்ட ஆட்ட நேரத்தில், பேரரசு ஓட வேண்டுமானால் ஆடுபவர் கட்டாயம் இட்டே ஆக வேண்டிய ஆணைகளின் மொத்தப் பாரம். பணிச்சுமை, கடன்சுமை என்ற வரிசையில் இயல்பாக உட்காருகிறது, விளக்கம் கேட்காமலே புரிகிறது. வினைகளோடும் நன்றாகச் சேர்கிறது. ஆணைச்சுமை கூடுகிறது, குறைகிறது, தாங்க முடிகிறது, இன்னொருவர் தலையில் ஏற்றலாம், இறக்கியும் வைக்கலாம். ஒரு கலைச்சொல் வாக்கியத்துக்குள் இப்படிப் புழங்கினால்தான் நிலைக்கும்.

> கட்டளைச்சுமை இன்னும் எளிதாக இருக்காதா?

எளிதுதான். ஆனால் கணினித் தமிழில் ‘கட்டளை’ ஏற்கெனவே கட்டளை வரியோடு (கமாண்ட் லைன்) ஒட்டிக்கொண்டது. அதைவிட முக்கியமான காரணம், இந்த ஆட்டங்களில் ஆடுபவர் உட்காருவது அரசரின் இருக்கையில். அரசாணை என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘ஆணை’ அங்கே தானாகவே பொருந்துகிறது. பேச்சில் ‘ஆனைச்சுமை’ என்று காதில் விழுமே என்று ஐயா ஒருவர் கவலைப்பட்டிருந்தார். விழட்டுமே ஐயா, அப்படிக் கேட்டாலும் பொருள் கெடவில்லை.

சரி, சொல் இருக்கட்டும். அது சுட்டும் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல உரைகல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி ஆட்ட வரிசைதான். ஆராய்தல், விரிதல், வளங்களைப் பயன்படுத்தல், எதிரியை அழித்தல் என்ற நான்கையும் கொண்ட இவ்வகைப் பேரரசு ஆட்டங்களுக்கான 4எக்ஸ் என்ற பெயரே 1993-இல் அதன் முதல் ஆட்டத்தைப் பற்றி ஆலன் எம்ரிச் எழுதிய முன்னோட்டத்திலிருந்து வந்தது. அந்த ஆட்டத்தில் ஒரு கோளை ஆள மொத்தம் ஐந்தே ஸ்லைடர்கள் (நகர்த்தி அளவை மாற்றும் பட்டைகள்). கப்பல், தற்காப்பு, தொழில், சூழல், தொழில்நுட்பம் ஆகிய ஐந்துக்கும் கோளின் உழைப்பைப் பங்கிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். 1996-இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் ஒவ்வொரு கோளுக்கும் தனிக் கட்டுமான வரிசை வந்தது. மக்களை உழவர், தொழிலாளர், அறிவியலாளர் என்று பிரித்து அமர்த்த வேண்டியும் வந்தது. ஆட்டம் செழுமையானது, ஆணைச்சுமையும் ஏறியது. இன்றும் பலர் இந்த இரண்டாம் ஆட்டத்தைத்தான் உச்சியில் வைக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சுமை இருந்தாலே ஆட்டம் மோசம் என்று ஆகிவிடாது.

2003-இல் மூன்றாம் ஆட்டம் வந்தது. கோள்களை ஆளும் பொறுப்பைக் கணினி இயக்கும் ஆளுநர்களிடம் ஒப்படைத்தார்கள். சுமை இறங்கியது. ஆனால் ஆளுநர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பது ஆடுபவருக்கு விளங்கவில்லை, தன் பேரரசில் தனக்கே பிடி இல்லை என்ற குறைதான் பரவலாக எழுந்தது. ஆக, ஆணைச்சுமை குறைவு என்பது தன்னளவில் பாராட்டும் அல்ல. சொல் நடுநிலையாக, அளவைச் சுட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். ‘சில்லறை வேலை’, ‘எடுபிடி வேலை’ என்று வந்த பரிந்துரைகளை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். பேச்சில் அருமையாக இருக்கின்றன. ஆனால் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

இங்கே இன்னொரு சொல்லும் வேண்டும் என்று தோன்றுகிறது: ‘ஆணை எடை’. ஒரு தனி ஆணையால் ஆட்டத்தின் போக்கு எவ்வளவு மாறுகிறது என்பதை இது குறிக்கட்டும். தொடக்கத்தில் நம்மிடம் ஒரு கோள், உளவுக்கு ஓரிரு கப்பல்கள், குடியேற்றத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அந்தக் குடியேற்றக் கப்பலை எந்த விண்மீனுக்கு அனுப்புகிறோம் என்ற ஒரே ஆணை அடுத்த பல மணிநேரத்தைத் தீர்மானித்துவிடும். எடை மிகுதி, சுமை குறைவு. நாற்பதாவது கோளில் நாற்பதாவது தொழிற்சாலையைக் கட்டச் சொல்லும் ஆணைக்கு அந்த எடை கிடையாது. அதே நேரத்தில் இட வேண்டிய ஆணைகளோ கோள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகிக்கொண்டே போகின்றன. சுமை ஏற ஏற எடை சரிகிறது. ‘பிற்பாதி சலிப்பாகிவிட்டது’ என்று மதிப்புரைகளில் அடிக்கடி படிக்கிறோமே, அதன் அடிப்படைக் காரணம் இதுதான். வென்றுவிட்டோம் என்பது தெரிந்த பிறகும் வெற்றித்திரை வரும்வரை எடையற்ற ஆணைகளை இட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கட்டுரையில் இந்த இரண்டு சொற்களையும் ஒட்டியே வைக்கும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆணைச்சுமையை மட்டும் சொன்னால், அரோரா போன்ற ஆட்டத்தை ஒரே வரியில் தள்ளிவிட நேரும். அதில் காட்சி என்று சொல்ல ஏதுமில்லை, முழுக்க அட்டவணைகளும் சாளரங்களும்தான். ஏவுகணையைக்கூட நாமே வடிவமைக்க வேண்டும். சுமை என்றால் அப்படியொரு சுமை. ஆனாலும் அந்த வடிவமைப்பு போரில் பலித்ததா பொய்த்ததா என்பது கண்முன் தெரிவதால் ஆணைகளுக்கு எடை இருக்கிறது. அதற்காகவே அதை விரும்பி ஆடுகிறவர்கள் உண்டு. இலவசமாகவும் கிடைக்கிறது, வாங்கலாமா என்ற கேள்வியே அங்கே இல்லை. நேரம் தர முடியுமா என்பதுதான் கேள்வி.

> தானியக்கம் உள்ள ஆட்டங்களை எங்கே வைப்பது?

இதற்கு டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2010-இல் முதல் ஆட்டம், 2022-இல் இரண்டாவது. குடியேற்றம், கப்பல் கட்டுதல், அயலுறவு என்று ஒவ்வொரு துறையையும் நாமே பார்க்கலாம், கணினியிடம் முழுதாக விடலாம், அல்லது ‘யோசனை சொல், ஒப்புதல் நான் தருகிறேன்’ என்று நடுவிலும் நிறுத்தலாம். சரக்கு ஏற்றிச் செல்லும் தனியார் கப்பல்கள் நம் ஆணைக்குக் காத்திருப்பதே இல்லை. இங்கே ஆணைச்சுமை ஆட்டத்தின் நிலையான குணமாக இல்லாமல் ஆடுபவர் வைத்துக்கொள்ளும் அளவாகிறது. இதை ‘தளர்த்தக்கூடிய ஆணைச்சுமை’ என்று சொல்லலாம். தானியக்கம் என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

ஸ்டெல்லாரிஸ் கொஞ்சம் சிக்கலானது. 2016 மே மாதம் வெளிவந்தபோது, நேரடியாக ஆளக்கூடிய கோள்களுக்கு ஒரு வரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் தண்டம் உண்டு, அதைத் தவிர்க்க மீதியைக் கணினி ஆளும் மண்டலங்களிடம் கொடுக்க வேண்டியிருந்தது. சுமைக்கு விதியாலேயே வரம்பு கட்டிய முறை அது. பிறகு அந்த வரம்பு போனது. 2018 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பு, கோள்களில் கட்டம் கட்டமாகக் கட்டடம் வைக்கும் பழைய முறையையே எடுத்துவிட்டு, மாவட்டங்கள், வேலைகள் என்று முழுப் பொருளாதாரத்தையும் மாற்றியது. அதற்கு முந்தைய மதிப்புரையைப் படித்துவிட்டு வாங்கியவர் கையில் கிடைத்தது வேறு ஆட்டம். ஆகவே ஆணைச்சுமையைக் குறிப்பிடும்போதெல்லாம் எந்தப் பதிப்பில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஸ்டீம் என்ற இணைய ஆட்டக்கடையில் மொத்த மதிப்புரைகளும் அண்மைய மதிப்புரைகளும் தனித்தனியே காட்டப்படுகின்றன. இத்தகைய ஆட்டங்களுக்கு அண்மையவைதான் உதவும். எழுதியவர் எத்தனை மணிநேரம் ஆடியிருக்கிறார் என்பதும் அங்கேயே தெரியும். ஐந்து மணிநேரம் ஆடியவரின் சொல்லை நான் ஆட்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாமே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஸ்டீமின் வழக்கமான விதி, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணிநேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது. மற்ற பல வகை ஆட்டங்களுக்கு அது போதும். விண்வெளி 4எக்ஸ் ஆட்டத்தில் முதல் 2 மணிநேரம் என்பது ஆணை எடை உச்சத்திலும் ஆணைச்சுமை அடிமட்டத்திலும் இருக்கும் நேரம். அதாவது ஆட்டம் தன் மிக இனிய முகத்தைக் காட்டும் நேரம். சுமையின் உண்மை தெரியும்போது திருப்பும் வாய்ப்பு கடந்துவிட்டிருக்கும். இதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்ல இந்தச் சொல் வேண்டும் என்பதால்தான் இவ்வளவு வாதாடுகிறேன்.

வாங்கும் முன் சுமையை அறிய வழி உண்டு. யாராவது ஆடிப் பதிவேற்றிய காணொளித் தொடரின் முதல் பகுதியை விட்டுவிட்டு, கடைசிக்குச் சற்று முந்தைய பகுதியைப் பார்க்கலாம். ஒரு சுற்றை முடிக்க அவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார், அதில் எத்தனை ஆணைகளை யோசித்து இடுகிறார், எத்தனையை யோசிக்காமலே சொடுக்குகிறார் என்று கவனித்தால் போதும். இந்த வகையே நமக்கு ஒத்துவருமா என்று ஐயம் இருந்தால் ஃப்ரீஓரியன் இருக்கிறது. மாஸ்டர் ஆஃப் ஓரியனைத் தழுவிய திறமூல ஆட்டம், இலவசம். அதில் ஒரு முழு ஆட்டத்தை இறுதிவரை ஆடிப் பார்த்தவருக்குத் தன் தாங்குதிறன் தெரிந்துவிடும்.

> நிகழ்நேரப் போர் ஆட்டங்களில் ‘மைக்ரோ’ என்கிறார்களே, அதுவும் ஆணைச்சுமைதானா?

இல்லை, அதை இதில் கலக்கக் கூடாது. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் போன்றவற்றில் மைக்ரோ என்பது போர்க்களத்தில் ஒவ்வொரு வீரரையும் விரைவாக, நுட்பமாக நகர்த்தும் திறமை. அது ஆடுபவரின் கைத்திறன், புகழ்ச்சியாகவே சொல்லப்படுவது. அதற்கு ‘நுண்ணாட்டம்’ என்று வைக்கலாம். மைக்ரோமேனேஜ்மென்ட் என்ற ஒரே ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் ஓடுவதால் நாமும் ஒரே சொல்லில் அடக்க வேண்டும் என்பதில்லை.

ஆணைகளை இட உதவும் திரையமைப்பான இடைமுகத்தையும் பிரித்தே பார்க்க வேண்டும். சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர், 2008 ஆட்டம், திரையின் ஓரத்திலேயே கோள்களையும் படைகளையும் ஒரு பட்டியலாக அடுக்கித் தந்தது. தேடி அலையும் வேலை மிச்சமாகிறது, இட வேண்டிய ஆணைகள் குறைவதில்லை. இடைமுகம் மோசமான ஆட்டத்தைச் சுமை மிகுந்தது என்று எழுதிவிட்டால், அடுத்த மேம்பாட்டில் இடைமுகம் சீரானதும் அந்த வரி பொய்யாகிவிடும்.

ஆக, பட்டியலில் சேர்க்க என் பரிந்துரை: மைக்ரோமேனேஜ்மென்ட் – ஆணைச்சுமை (வியூக ஆட்டங்களில்), தனி ஆணையின் விளைவுக்கு – ஆணை எடை, போர்க்கள மைக்ரோவுக்கு – நுண்ணாட்டம். நுண்மேலாண்மை அலுவலகத்துக்கே இருக்கட்டும். இவற்றில் ‘ஆணை எடை’ பற்றித்தான் எனக்கு உங்கள் கருத்து அதிகம் தேவை. இரண்டு சொற்களாக நிற்கிறது, ‘ஆணையெடை’ என்று சேர்த்தால் வாசிக்க இடறுகிறது. ஒரே சொல்லாக, சுமையோடு முரண்பட்டு நிற்கும்படி யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கட்டுரை வெளிவருவதற்குள் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்.