எண்ட் கிரெய்ன்: மரப்படிப் பாடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

தக்கலையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தச்சு பழகும் பையன்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். வீட்டுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய மரப்படியை உறுதியாகச் செய்வது எப்படி என்பது அதில் ஒரு பாடம். பெரிய மாடிப்படி இல்லை, முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏற மூன்று படி. உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, மூலைமட்டம் எல்லாவற்றுக்கும் பெயர் கைவசம் இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. அது இல்லாமல் பாடம் நகர மாட்டேன் என்கிறது.

மரத்தை அதன் ஓட்டத்துக்கு, அதாவது இழை நீளும் திசைக்கு, குறுக்கே அறுத்தால் கிடைக்கும் முகத்தைச் சொல்கிறேன். ஆங்கிலப் புத்தகங்களில் எண்ட் கிரெய்ன். மரம் உயிரோடு நின்றபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழல்கள் எல்லாம் அங்கேதான் திறந்து கிடக்கும். மரத்துக்குள் ஈரம் பக்கவாட்டில் பரவுவதைவிட ஓட்டத்தின் வழியே பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். அதனால்தான் வெளியில் வைத்த பலகை நடுவில் கெட்டியாக இருக்கும்போதே முனையில் விரலால் கிள்ளி எடுக்கிற அளவுக்கு உளுத்துப் போகிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் மக்கவைக்கும் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை. 30-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. இடையில் மரம் காய எவ்வளவு நாள் கிடைக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இங்குள்ள மூத்த ஆசாரி ஒருவரிடம் கேட்டேன். “தலைப்புன்னு சொல்லு” என்றார். எனக்கு முழுத் திருப்தி இல்லை. உங்கள் கருத்து?

சென்னையிலிருந்து:

‘குறுக்குவெட்டு’ இருக்கிறதே ஐயா. பள்ளிப் பாடநூலில் நெடுநாளாகப் புழங்கும் சொல். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏன் உருட்ட வேண்டும்? கலைச்சொல் பெருக்கம் நமக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது.

தக்கலையிலிருந்து:

உருட்டும் ஆசை எனக்கும் இல்லை ஐயா. ஆனால் குறுக்குவெட்டு என்பது படம் வரைகிறவனின் சொல். குழாய்க்கும் உண்டு, ஆற்றுக்கும் உண்டு. எனக்கு வேண்டியது மழை பட்டால் உறிஞ்சும் ஒரு முகத்தின் பெயர்.

இன்னொரு சிக்கல், இதுதான் பெரிது. படியின் இருபுறமும் சாய்வாக நிற்கும் பலகை இருக்கிறதல்லவா, ஸ்டிரிங்கர் என்பார்களே, கையேட்டில் சாய்வுப்பலகை என்று எழுதியிருக்கிறேன். மிதிபலகை உட்காருவதற்காக அதைப் பல் பல்லாக வெட்டுவது பலருக்கும் வழக்கம். படி உயரம் 150 மி.மீ., மிதி அகலம் 300 மி.மீ. என்று வைத்தால் சாய்வு ஏறக்குறைய 27 பாகை வரும். அப்படியானால் மிதிபலகை உட்காரும் வெட்டும் மர ஓட்டத்தை 27 பாகையில்தான் சந்திக்கிறது. குறுக்காகவும் இல்லை, நெடுக்காகவும் இல்லை, சரிவாக. இருந்தாலும் குழல்கள் அங்கே அறுந்து திறந்துதான் இருக்கின்றன, அதுவும் வானத்தைப் பார்த்து. மேலே மிதிபலகை மூடிக்கொண்டிருப்பதால் உள்ளே போன தண்ணீர் ஆவியாகவும் வழியில்லை. அந்தப் பல்லின் உள்மூலையில்தான் படி முதலில் சாகிறது.

இதைக் ‘குறுக்கு’ என்றால் பொய். ‘தலைப்பு’ என்றாலும் பொருந்தாது. பலகையின் நட்டநடுவில் இருக்கும் பள்ளத்துக்குத் தலை ஏது?

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, 1956 நவம்பர் 1 வரைக்கும் நீங்களும் நாங்களும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி ஆட்கள். அந்த உரிமையில் சொல்கிறேன். உங்களுக்குச் சொல் கிடைக்காததற்குக் காரணம் மொழி இல்லை, கட்டட முறை. நம் பக்கத்து ஆசாரிகள் மரத்தை மழையில் நிறுத்தியதே இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. ஓட்டுக்கூரை எவ்வளவு தாழ இறங்கி, சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது பாருங்கள். மரவேலை முழுவதும் அந்த நிழலுக்குள். மழையில் நனையும் படி என்றால் அது கல். எனவே மரத்தின் எந்த முகம் தண்ணீர் குடிக்கும் என்று தனியாகப் பெயர் வைத்துப் பேசும் தேவை அவர்களுக்கு அதிகம் வந்திருக்காது.

விதிவிலக்கு கணவாய்க்கு அந்தப்பக்கம், கேரளத்தில், ஒன்று உண்டு. கல்லடையாற்றின் மேல் 1877-இல் முடிந்த புனலூர்த் தொங்குபாலம். நடைதளம் முழுக்கத் தம்பகப் பலகை, மேலே கூரை கிடையாது. மரத்தின் வலுவை நம்பி விட்டிருக்கிறார்கள். உங்கள் பையன்களுக்குத் தம்பகமா கிடைக்கப் போகிறது!

சொல்லுக்கு வருகிறேன். ‘வெட்டுவாய்’ என்று வைத்தால் என்ன? எந்தக் கோணத்தில் வெட்டினாலும் வாய் வாய்தான். குடிக்கவும் செய்யும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தாவரவியல் கற்பிப்பவள் என்ற முறையில் நடுவில் நுழைகிறேன்.

‘வாய்’ மிகப் பொருத்தம். ஆனால் எந்தச் சொல் வைத்தாலும் பனையில் வைத்துச் சோதித்துப் பாருங்கள், ஏனென்றால் குமரியில் பனஞ்சட்டத்தையும் யாராவது படிக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ், அதாவது கெட்டிப் பகுதி, உள்ளதைப் புல் என்றும், அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறது. இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, மூங்கிலைப் புல்லோடு சேர்த்து ஒருவிதையிலைத் தாவரத்தில்தான் வைக்கிறது. பனையை அறுத்துப் பார்த்தால் வெளிவட்டத்தில் கறுத்த நார்க்கற்றைகள் நெருங்கி நிற்கும், நடுவில் சோறு. அந்தச் சோற்றுப் பகுதி மழையில் ஒரு பருவம் தாங்காது. ஆக முனைமுகம் முழுதும் ஒரே தன்மை என்று எழுதிவிடாதீர்கள்.

அகக்காழ் மரத்திலும் அப்படியே. நடுவில் உள்ள கெட்டியான வைரத்தில் சில இனங்களுக்குத் தைலோசிஸ் என்று குழலுக்குள்ளேயே அடைப்பு வளரும், நீர் புகுவது குறையும். வெளிச்சுற்று வெள்ளையில் அடைப்பு கிடையாது. (எங்கள் பக்கம் மலையாளத்தில் மரத்தின் வைரத்துக்குக் ‘காதல்’ என்று பெயர். “காதல் உள்ள மரமாகப் பார்த்து வாங்கு” என்று அறுவை மில்லில் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.)

‘குழல்வாய்’ என்று ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருந்தார். அது வேண்டாம். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் தேக்கில் இருப்பதுபோன்ற குழல்களே இல்லை, நீண்ட நுண்ணறைகள்தான் நீரைக் கடத்துகின்றன. இறக்குமதிப் பெட்டி மரத்தில் படி செய்கிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கும் சொல் பொருந்த வேண்டும்.

தக்கலையிலிருந்து:

கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு நன்றி. வைரம், வெள்ளை விவரத்தைப் பாடத்தில் அப்படியே சேர்த்துவிட்டேன்.

‘வெட்டுவாய்’ எனக்குப் பிடித்திருந்தது, ஆசாரியிடம் கொண்டுபோனேன். இழைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்: “வெட்டுவாய்ன்னா உளிக்கு உள்ளதா, மரத்துக்கு உள்ளதா மக்கா?”

அத்தோடு முடிந்தது. ஆயுதத்தின் கூர்முனைக்கு வாய் என்பது பழைய வழக்கு. உளிவாய் மழுங்கியது, அரிவாள் வாய் தெறித்தது என்றுதானே சொல்கிறோம். ‘வெட்டுவாயைச் சாணை பிடி’ என்று ஒரு பக்கத்திலும் ‘வெட்டுவாய்க்கு எண்ணெய் பூசு’ என்று அடுத்த பக்கத்திலும் எழுதினால் பையன் எதை எதில் பூசுவான்?

‘இழைவாய்’ என்று மாற்றிப் பார்த்தேன். மர இழையின் வாய். அதையும் அவர் விடவில்லை. இழைப்புளியில் சீவல் வெளியே வரும் திறப்புதான் தச்சன் காதில் விழுமாம். சரிதான்.

செங்கோட்டையிலிருந்து:

ஆசாரியைக் குழுவில் சேர்த்துவிடுங்கள் அண்ணாச்சி. எங்களைவிட அவர் வேகமாகத் தள்ளுபடி செய்கிறார்.

இழையை எடுத்துவிட்டு நாரை வையுங்கள். ‘நார்வாய்’. தேக்கு, பைன், பனை, மூங்கில் எல்லாவற்றிலும் நார் உண்டு. கருவியின் வாயோடு குழப்பம் இல்லை. ஒட்டுச்சொல்லும் தாராளமாக வரும்: நார்வாய்ப் பூச்சு, நார்வாய் வெடிப்பு, சரிவு நார்வாய்.

சென்னையிலிருந்து:

‘நார்வாய்’ கேட்பதற்கு வாழைத்தண்டு நறுக்கியது போல இருக்கிறது. தாவரவியலில் நார் என்பதற்கு வேறு திட்டமான பொருளும் உண்டு. அம்மாவே சொல்லட்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

உண்டு. வகுப்பில் நார் என்றால் தடித்த சுவருள்ள ஒருவகைச் செல் மட்டும்தான். ஆனால் மரம் வாங்கப் போன இடத்தில் யாரும் செல் பார்ப்பதில்லை. “நார் ஓட்டம் நேராக இருக்கிறதா” என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பொருளில் எனக்கு மறுப்பில்லை.

குப்பத்திலிருந்து:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். இங்கே உங்கள் அளவு மழை இல்லை, வெயில்தான் எதிரி. நீங்கள் எல்லோரும் குடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஈரம் உள்ளே போகும் அதே வாசலில்தான் வேகமாக வெளியேயும் போகும். பச்சை மரத்தை அறுத்துப் போட்டால் முனை முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஈரமாக இருப்பதால் கூடவே சுருங்காது. இழுபறியில் முனை பிளக்கும். அறுத்த அன்றைக்கே முனையில் மெழுகோ பெயின்டோ பூசி வைப்பது அதனால்தான். ‘உறிஞ்சுமுகம்’ மாதிரி ஏதாவது யாராவது கொண்டுவந்தால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வாய் என்றால் இரண்டு பக்கமும் வேலை செய்யும். நார்வாய்க்கு என் ஓட்டு.

தக்கலையிலிருந்து:

குப்பத்து நண்பர் சொன்னது முக்கியம், உலர்த்தும் பகுதிக்கும் இதே சொல் ஓடும் என்று ஆகிறது. ஆசாரியிடம் ‘நார்வாய்’ சொன்னேன். மறுப்புச் சொல்லவில்லை. மூன்றாவது முறை பேச்சில் அவரே பயன்படுத்தினார், அதுவும் வேறொன்றுக்கு: “நார்வாயில திருகாணி போடாத, பிடிக்காது.” இது நான் எழுத மறந்திருந்த விஷயம். ஓட்டத்தோடு இறங்கும் திருகாணிக்குப் பிடிப்பு குறைவு, பசையும் அந்த முகத்தில் சரியாக ஒட்டாது. ஒரு சொல் கிடைத்ததும் மூன்று விதி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. குறுக்குவெட்டு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். சென்னை ஐயாவுக்காகச் சொல்லடைவில் “குறுக்குவெட்டு முகம் – காண்க: நார்வாய்” என்று ஒரு வரி போட்டிருக்கிறேன்.

பாடத்தின் திருத்திய வடிவம் கீழே. சொல் எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

“அயினி அல்லது தேக்கில் வைரப் பகுதியை மட்டும் எடு, வெள்ளையைச் சீவித் தள்ளு. படி உயரம் 150, மிதி 300 மி.மீ. இரண்டு உயரமும் ஒரு மிதியும் சேர்ந்து 600-ஐ ஒட்டி வந்தால் கால் இடறாது. சாய்வுப்பலகையைப் பல்லாக வெட்டாதே. வெட்டினால் ஒவ்வொரு பல்லிலும் ஒரு சரிவு நார்வாய் மேல்நோக்கித் திறக்கும். அதற்குப் பதில் பலகையின் உட்பக்கம் தாங்குகட்டை வைத்துத் திருகாணி போட்டு, அதன்மேல் மிதிபலகையை உட்காரவை. தாங்குகட்டையின் நார்வாய் பக்கவாட்டைப் பார்த்து நிற்பதால் தண்ணீர் தேங்காது.

மிதிக்கு ஒரே அகலப் பலகை வேண்டாம். இரண்டு பலகை, நடுவில் 6 மி.மீ. இடைவெளி. அகலப் பலகை நனைந்து காய்ந்து கிண்ணமாக வளைந்துவிடும், இடைவெளி இருந்தால் நீரும் மண்ணும் கீழே விழும். முன்பக்கம் 5 மி.மீ. தாழ்த்தி வை.

சாய்வுப்பலகையின் அடிநுனி நார்வாய். அதை மண்ணில் நிறுத்துவது திரியை எண்ணெயில் வைப்பது போல. கருங்கல் பாவி, அதன்மேல் எஃகுத் தாங்கி பொருத்தி, மரத்தின் அடி கல்லைத் தொடாமல் இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்கட்டும். கீழே காற்று ஓட வேண்டும்.

இரும்புத் திருகாணி அயினியிலும் தேக்கிலும் கறுப்புக் கறை ஏற்றித் தானும் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடு. குளச்சல், முட்டம் போலக் கடல் காற்று அடிக்கும் இடத்தில் 316 என்ற தரம் கேட்டு வாங்கு. முதலில் துரப்பணத்தால் துளை, பிறகு திருகாணி. நார்வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடு, ஒட்டிப் போட்டால் பிளக்கும்.

பொருத்துவதற்கு முன்பே எல்லா நார்வாய்க்கும் பூச்சு கொடு. பொருத்திய பிறகு பாதி நார்வாய்க்குத் தூரிகை எட்டாது. ஒருமுறை பூசியது உள்ளே இழுத்துக்கொள்ளும், காய்ந்ததும் மறுபடி பூசு, இழுப்பது நிற்கும் வரை. கொல்லாங்கொட்டை ஓட்டு எண்ணெய் நம்மூரில் எளிதாகக் கிடைக்கும், பூச்சிக்கும் ஈரத்துக்கும் நல்லது. ஆனால் தோலில் பட்டால் பொள்ளிவிடும். கையுறை போடாமல் தொடாதே.”