நிலைக்குழுவில் யார் அமர்வது: கட்சி சொல்வதா, அவை தேர்வதா?

மருதமுத்து: அமைச்சகங்களின் செலவையும் மசோதாக்களையும் ஆராயும், நாடாளுமன்றத்தின் துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். விதிப்படி அவைத் தலைவர்கள்தாம் நியமிக்கிறார்கள். நடப்பதோ வேறு: கட்சித் தலைமை எழுதி அனுப்பும் பெயர்களே பட்டியலாகின்றன. வேளாண்மை அறிந்தவரை ரயில்வே குழுவில் போட்டாலும் கேட்க ஆளில்லை. அவையே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

கயல்விழி: அவை வாக்களித்தால் பெரும்பான்மைக் கட்சி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். இப்போது கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கு கிடைக்கிறது. மொத்தம் 744 இடங்கள். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது என்பதால், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஓர் இடம் உண்டு. சிறு கட்சிக்காரருக்கு இதைவிடப் பாதுகாப்பு எது?

மருதமுத்து: அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக்கணக்குக் குழுவின் 22 பேரும் ஒற்றை மாற்று வாக்கு முறையில், அதாவது வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் வாக்கில்தானே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்? அங்கே விகிதாச்சாரம் கெட்டுவிட்டதா?

கயல்விழி: பெரும்பாலும் கட்சிகள் தங்கள் பங்குக்கு மட்டுமே வேட்பாளரை நிறுத்துகின்றன, போட்டியே இல்லை. பெயர்தான் தேர்தல். 1967 முதல் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சியினர் தலைமை ஏற்பதுகூட மரபுதான், அதையும் சபாநாயகர்தான் நியமிக்கிறார்.

பொருநை: பிரிட்டனில் 2010 முதல் இரண்டும் கலந்த முறை இருக்கிறது. எந்தக் குழுவின் தலைமை எந்தக் கட்சிக்கு என்பது முதலிலேயே முடிவாகிவிடும். அந்தக் கட்சிக்குள் யார் என்பதை அந்நாட்டு மக்களவை முழுவதும் இரகசிய வாக்கால் தீர்மானிக்கிறது. மற்ற உறுப்பினர்களை அந்தந்தக் கட்சியின் உறுப்பினர்களே தேர்கிறார்கள். கட்சி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் கொறடாவின் பிடி தளர்கிறது, பங்கும் குலையவில்லை.

கயல்விழி: நல்ல முறைதான், இங்கே விடுவார்களா? மாநிலங்களவைத் தேர்தலையே 2003-இல், வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிப் போடும் திறந்த வாக்காக மாற்றிய நாடு இது. கட்சி மாறி வாக்களிப்பார்கள் என்ற அச்சம் அவ்வளவு. அதைவிட அவசரமானது காலம். 2024-இல் ஜூலை 23 அன்று பட்ஜெட் வந்தது. நிலைக்குழுக்கள் அமைந்தது செப்டம்பர் இறுதியில். அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் மானியக் கோரிக்கைகளை எந்தக் குழுவும் பார்க்காமலேயே அவை நிறைவேற்றிவிட்டது! பெயர்ப் பட்டியல் தாமதமானதற்கு யார் பொறுப்பு?

மருதமுத்து: அந்தக் கேள்விதான் என் வாதமும். கட்சிகளின் பட்டியலுக்காக அவை காத்திருக்க வேண்டியிருக்கிறது. பதவிக்காலமும் ஓராண்டுதான், ஒரு துறையைப் புரிந்துகொள்வதற்குள் குழு கலைகிறது. தேர்தல் வேண்டாம் என்றால், மக்களவை கூடி 30 நாளுக்குள் குழுக்கள் அமைய வேண்டும், ஐந்தாண்டும் நீடிக்க வேண்டும் என்று விதியில் எழுதச் சொல்லுங்கள். சம்மதமா?

கயல்விழி: 30 நாளுக்குச் சம்மதம். ஐந்தாண்டுக்கு இல்லை. கட்சி விரும்பாதவரை ஒரு மூலைக் குழுவில் ஐந்தாண்டு அடைத்துவைக்கவும் அதே விதி உதவும். இரண்டரை ஆண்டு என்றால் பேசலாம்.