துயரத்திற்குப் பின் காட்டுயிர்களைத் தேடிச் செல்லலாமா?

கேள்வி (ரோஸ் ஹில்): அம்மாவை இழந்த நாள் முதல் வீட்டைவிட்டு வெளியே வர மறுக்கும் என் தங்கையை, மொரீஷியஸில் எங்கே அழைத்துச் சென்றால் அவள் மனம் சற்று ஆறும்?

பதில் 1: பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவைப் பரிந்துரைக்கிறேன், சகோதரி. 1974இல் காட்டில் நான்கே நான்கு என அறியப்பட்டிருந்த மொரீஷியஸ் வல்லூறு, ஆய்வாளர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தும் கூடுப்பெட்டிகள் அமைத்தும் காத்ததால், இன்றும் அப்பள்ளத்தாக்குகளின்மேல் பறக்கிறது. கணவரை இழந்தபின் நான் முதன்முறையாக என்னை மறந்து நின்றது அதைக் கண்டபோதுதான்.

பதில் 2: இல் ஓ எக்ரெத் தீவும் நன்று. அங்கு உலவும் அல்டாப்ரா பேராமைகள், அற்றுப்போன நம் தீவின் ஆமைகளுக்கு மாற்றாக, கருங்காலி விதைகளைப் பரப்புகின்றன. அவற்றின் அருகே பேச்சின்றி நடப்பதே மனத்திற்கு இதம்.

பதில் 3: வற்புறுத்தாதீர்கள் அம்மா, அவளே விரும்பும் நாளில் செல்லுங்கள். உறக்கமும் உணவும் குறைந்திருந்தால் மருத்துவரையும் அவசியம் பாருங்கள்.