கிரீக்கின் 'மார்னிங் மூட்' எந்த வேகம், எந்த கீ?

வயலின்பித்தன்: பீர் கின்ட் நாடகத்துக்கு நார்வே இசையமைப்பாளர் கிரீக் எழுதிய 'மார்னிங் மூட்' என்ற காலைப்பொழுது இசையைப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிலர் தாலாட்டு மாதிரி இழுக்கிறார்கள், சிலர் ஓட்டமாக ஓட்டுகிறார்கள். எந்த வேகம் சரி? கீ (ஆதார ஸ்வரமும் அதன் ஸ்கேலும்) என்ன? நார்வேயின் பனிமலையில் விடியும் காலை என்று நினைத்துக்கொண்டு வாசிக்கலாமா?

மழைக்குருவி: இ மேஜர், 6/8 (ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஆறு சிறு எண்ணிக்கை). வேகக் குறிப்பு அலெக்ரெட்டோ பாஸ்டோரலே (மிதமான விறுவிறுப்பு, கிராமிய பாணி), அதனால் ரொம்ப இழுக்காதீர்கள். ஆறாக எண்ணினால் கனத்துப் போகும், ஒரு பாருக்கு இரண்டு தட்டாக உணர்ந்து வாசித்தால் தானாக நகரும். அப்புறம், பனிமலையை மறந்துவிடுங்கள்! இப்சன் எழுதிய அந்த நாடகத்தில் இது நான்காம் அங்கத்தில், வட ஆப்பிரிக்காவில் வருகிற விடியல்.

ஐந்துகட்டை: புல்லாங்குழலும் ஓபோவும் மாறி மாறிப் பாடுகிற அந்த மெட்டில் ஐந்தே ஸ்வரங்கள்தான், நம் காதுக்கு அப்படியே மோகனம். ஆனால் அடியில் ஹார்மனி கீ விட்டு கீ தாவி, 21ஆவது பாரில் தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஃபோர்ட்டேயில் (பலத்த சத்தத்தில்) மறுபடி இ மேஜருக்கு வந்து இறங்கும். மேகத்தைக் கிழித்துக்கொண்டு சூரியன் வருகிற இடமாக கிரீக் நினைத்தது அதைத்தான், ஆகவே அதற்கு முன்னாலேயே சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

வயலின்பித்தன்: சரி, புரிந்தது. இந்த இசையின் முதல் சூட்டில் (கச்சேரித் தொகுப்பில்) அடுத்து வரும் 'ஓசேயின் மரணம்'?

மழைக்குருவி: பி மைனர், அந்தான்தே டோலரோசோ (நிதானமாக, துயரத்தோடு). தந்தி வாத்தியங்கள் மட்டும், அதுவும் மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் சிறு கருவி) போட்டு. அங்கே நிதானமாகவே போகலாம்.