ஹீட் பம்ப்: ‘வெப்ப இறைப்பி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஹீட் பம்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நம் குழுவில் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த சொற்களில் ‘வெப்பமூட்டி’யை முதலில் விட்டுவிடுவோம். அது ஹீட்டரின் பெயர். ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஹீட்டர் ஒரு யூனிட் வெப்பம் தரும், அவ்வளவுதான். ஹீட் பம்ப் வெளியே கிடக்கும் வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள் கொண்டுவருகிறது. ‘வெப்ப விசையியக்கக் குழாய்’ தப்பில்லை, ஆனால் ஒரு மூச்சில் சொல்ல வராது. ‘வெப்ப ஏற்றம்’ என்றால் வெயில் கூடிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பம்புக்கு ‘எக்கி’ நல்ல சொல். ஆனால் தருமபுரிப் பக்கம் யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

நான் சொல்வது ‘வெப்ப இறைப்பி’.

பென்னாகரம் பக்கம் எங்கள் தாத்தா கவலை ஓட்டியதை, அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்ததை, சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மாடுகள் சரிவில் இறங்க வடம் இறுகும். தண்ணீர் அள்ளும் சால் தளும்பிக்கொண்டு மேலே வரும். சாலின் அடியில் இருக்கும் தோல் குழாயான தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாட்டின் உழைப்பு தண்ணீராக மாறவில்லை, கீழே இருந்த தண்ணீரை மேலே கொண்டுவந்தது. ஹீட் பம்பில் மாட்டின் வேலையை, வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர் பார்க்கிறது.

என் அண்ணன் மகன் பின்லாந்தில், ஔலு நகரில் இருக்கிறான். வீட்டுக்கு ஒரு ஹீட் பம்ப் வாங்கப் போகிறான். “சித்தப்பா, மைனஸ் இருபதுல வெளிய ஏது சூடு?” என்று கேட்டான். இருக்கிறது. ஹீட் பம்புக்குள் ஓடி வெப்பத்தைச் சுமந்து வரும் ஆர்-32 என்ற வாயு சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மைனஸ் 20 காற்று சூடான காற்றுதான். ஆனால் கிணறு ஆழமாக ஆழமாக மாடு திணறும் அல்லவா? வெளியே குளிர் கூடுவதும் அப்படித்தான். வெளியே 7 டிகிரி இருந்தால் ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு பங்கு வெப்பம் வரும். மைனஸ் 15-க்குப் போனால் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் கிலோவாட், அதாவது அது தரும் வெப்பத்தின் அளவு, பெரும்பாலும் அந்த 7 டிகிரிக் கணக்கு.

அவனிடம் இப்படிச் சொன்னேன்: ஐப்பசியில் கிணறு நிறைந்திருப்பதைப் பார்த்து நம் ஊரில் யாரும் மோட்டார் வாங்குவதில்லை. சித்திரையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும் என்று பார்த்துத்தான் எத்தனை ஹெச்பி என்று முடிவு செய்கிறோம். நீயும் மைனஸ் 20-ல் எத்தனை கிலோவாட் தரும் என்று கேட்டு வாங்கு. அதற்காக ரொம்பப் பெரிதாகவும் எடுத்துவிடாதே. குளிர் குறைந்த நாட்களில் அடிக்கடி நின்று நின்று ஓடும். கிணற்றை வைத்துச் சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டான். இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

‘காசை வாரி இறைக்கிறான்’ என்று சிதறடிப்பதையும் சொல்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் முன்னால் ‘வெப்ப’ என்று வந்தபின் குழப்பம் வராது. அப்புறம், இதே வேரிலிருந்து மற்ற சொற்களும் கிளைக்கும். மின்சாரத்தைப் போல எத்தனை பங்கு வெப்பம் என்பதற்குப் பாடநூலில் ‘செயல்திறன் குணகம்’ இருக்கட்டும், வாங்குகிறவருக்கு ‘இறைப்பு மடங்கு’ போதும். மண்ணிலிருந்து வெப்பம் எடுப்பது ‘நில வெப்ப இறைப்பி’. பனிக்காலத்திலும் ஆழத்து மண் காற்றைப் போல் குளிர்ந்துவிடாது, அதனால் அது தண்ணீர் மேலேயே நிற்கும் மேலூற்றுக் கிணறு மாதிரி.

மிச்சம் இருப்பது டீஃப்ராஸ்ட். வெளியே உள்ள காயிலில், அதாவது காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் குழாய்ச் சுருளில், உறைபனி படிந்தால் இயந்திரம் கொஞ்ச நேரம் திருப்பி ஓடி, வீட்டு வெப்பத்தையே எடுத்து அதை உருக்கும். ‘பனிநீக்கம்’ என்றால் சுரண்டி எடுப்பது போலத் தோன்றுகிறது. நான் ‘பனியுருக்கல்’ பக்கம். உங்கள் கருத்து?