புதுப்பிப்பு: கனடாவில் உள்ள கணவர் சம்மதிக்காமலே விவாகரத்துக் கிடைத்தது
கனடாவில் இருந்துகொண்டு கையெழுத்திட மறுக்கும் கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற முடியுமா என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சம்மதத்துக்காகக் காத்திராமல், தீய நோக்குடன் கைவிட்டமையைக் காரணமாகக் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிடுமாறு கூறிய வவுனியா அக்காவின் ஆலோசனையே பலித்தது, ஏனெனில் இலங்கையின் பொதுச் சட்டத்தில் இருவரின் சம்மதம் விவாகரத்துக்கு ஒரு காரணமே அல்ல. இது தெரியாமல் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் வருடக்கணக்கில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

அழைப்பாணை அவரது முகவரிக்குப் போய்ச் சேரவே அதிக காலம் சென்றது. அவர் மன்றில் தோன்றாததால் விசாரணை ஒருதலைப்பட்சமாக நடந்தபோதிலும், கைவிட்டதை நான் சாட்சியமளித்து நிரூபிக்க வேண்டியிருந்தது. "உன்னையும் பிள்ளையையும் இனித் தேடமாட்டன்" என்று அவர் வைபரில் அனுப்பிய ஒற்றை வரி அங்கே கைகொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பே. அது இறுதித் தீர்ப்பாக மாறுவதற்குக் குறைந்தது மூன்று மாதங்கள் செல்லும், அதுவரை மறுமணம் பதிய முடியாது.