பாஸர் ரேட்டிங்கை வச்சு குவார்ட்டர்பேக்கை எடை போடலாமா?

ஞாயிறு_டச்டவுன்:
என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால்) ரெகுலரா பாக்குறவங்க கொஞ்சம் சொல்லுங்க. 2019 சீசன்ல பாஸர் ரேட்டிங்ல, அதாவது குவார்ட்டர்பேக் (பாலை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) பாஸ் போடுறதுக்குக் குடுக்குற மார்க்ல, ஃபர்ஸ்ட் வந்தது ரயன் டானஹில், 117.5. லமார் ஜாக்சனுக்கு 113.3 தான், ஆனா எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்) ஓட்டு ஒண்ணு விடாம லமாருக்கு விழுந்துச்சு. டானஹில் சீசன் நடுவுலதான் ஸ்டார்ட்டர் ஆனாரு, சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த நம்பர் எதைத்தான் அளக்குதுன்னே பிடிபடல. ஃபுல் மார்க் வேற 158.3 ஆம். இதை நம்பி ரெண்டு பேரை ஒப்பிட்டுப் பேசலாமா?

கணக்கு_வாத்தி:
பேசக்கூடாதுங்கிறது என் கட்சி. 1973 லேர்ந்து லீக் யூஸ் பண்ற ஃபார்முலா இது. நாலே விஷயம்தான்: எத்தனை சதவீதம் பாஸ் கம்ப்ளீட் ஆச்சு (எறிஞ்சதை நம்ம டீம் ஆளு புடிச்சாரு), பாஸுக்கு எத்தனை யார்ட், டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டி ஸ்கோர் பண்றது) சதவீதம், இன்டர்செப்ஷன் (எதிர் டீம் ஆளு பாஸைப் புடிச்சுடறது) சதவீதம். ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் 2.375, நாலையும் கூட்டி 6 ஆல வகுத்து 100 ஆல பெருக்குனா உங்க 158.3 வந்துரும்.

கோளாறு எங்கன்னா, கம்ப்ளீஷனுக்குக் குடுக்குற மார்க் ரொம்ப ஓவர். நீங்களே போட்டுப் பாருங்க, ஒருத்தர் 10 பாஸ்ல 5 கம்ப்ளீட் பண்ணி 100 யார்ட் எடுக்குறாரு, டச்டவுனும் இல்ல இன்டர்செப்ஷனும் இல்ல, ரேட்டிங் 85.4. இன்னொருத்தர் 10க்கு 8 கம்ப்ளீட் பண்ணி வெறும் 50 யார்ட், அவருக்கு 87.5! பாதி தூரம்தான் போயிருக்காரு, மார்க் மட்டும் கூட. தேர்ட் டவுன்ல (மூணாவது முயற்சியில) 12 யார்ட் வேணும்ங்கிறப்ப பக்கத்துல நிக்கிறவருக்கு 4 யார்ட் பாஸ் போட்டுட்டு பன்ட் பண்ணப் (பாலை உதைச்சு எதிர் டீமுக்குக் குடுக்க) போறாங்கல்ல, அதுவும் ஒரு கம்ப்ளீஷன்தான்.

உச்சவரம்பு இன்னொரு தலைவலி. 2013ல நிக் ஃபோல்ஸ் ரைடர்ஸ் டீமுக்கு எதிரா 28க்கு 22, 406 யார்ட், 7 டச்டவுன், ரேட்டிங் 158.3. அந்த 7ல மூணைக் கழிச்சு 4ன்னு வச்சாலும் அதே 158.3 தான் வரும்.

பாக்கெட்_பாண்டி:
வாத்தி சொன்னது பாதிதான், எனக்கு எரியுறது சாக் (பாலை எறியறதுக்குள்ள குவார்ட்டர்பேக்கைப் புடிச்சு வீழ்த்துறது) மேட்டர். ரேட்டிங்ல சாக் கணக்குலயே கிடையாது. டிஃபென்டர் பாய்ஞ்சு வர்றான், கியூபி (குவார்ட்டர்பேக்) சுதாரிச்சு பாலை வெளிய எறிஞ்சு டீமோட யார்டைக் காப்பாத்துறாரு, அது இன்கம்ப்ளீட்னு ரேட்டிங் இறங்குது. அதே ஆளு பாலைப் புடிச்சுக்கிட்டே நின்னு 8 யார்ட் பின்னாடி சாக் ஆனா ரேட்டிங் அசையவே அசையாது. சரியா முடிவெடுத்தவருக்குத்தான் அடி விழுது, இது எந்த ஊர் நியாயம்?

ஓட்டமும் அப்படித்தான். லமார் அந்த 2019ல கால்லயே 1,206 யார்ட் எடுத்தாரு, ரேட்டிங்ல அதுக்கு ஒரு மார்க் கூட கிடையாது. உங்க கேள்விக்கு பதில் அங்கயே இருக்கு ப்ரோ. அப்புறம் பாஸைப் புடிக்க வேண்டிய ரிசீவர் கையில பட்டு எகிறி இன்டர்செப்ட் ஆனாலும் பழி கியூபி தலையிலதான், கேட்ச் விட்டது ஃபீல்டர், கெட்ட பேரு பவுலருக்குங்கிற மாதிரி.

ஞாயிறு_டச்டவுன்:
சாக் இல்லங்கிறது தெரியாது, ரொம்ப நன்றி. அப்ப பழைய ஆளுங்களோட ஒப்பிடுறதும் தப்புதானா? ஜோ நேமத் கெரியர் ரேட்டிங் 65.5 தான், ஹால் ஆஃப் ஃபேம்ல (ஜாம்பவான்கள் பட்டியல்ல) இருக்காரே?

கணக்கு_வாத்தி:
தப்பேதான். 1973ல இதை அமைச்சப்ப சராசரி ஆட்டம்னா 66.7 வர்ற மாதிரி வச்சாங்க. அதுக்கப்புறம் ரூல் எல்லாம் பாஸிங்குக்கு சாதகமா மாறிருச்சு, இப்ப 66.7 வாங்குனா பெஞ்சுலதான் உக்கார வைப்பாங்க. நேமத் ஆடுன காலத்து சராசரியோட வச்சுத்தான் அவரைப் பாக்கணும்.

அதுக்காக யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் பாக்குற கோஷ்டியோடவும் சேர்ந்துராதீங்க. டென்வர் டீம் கியூபி பேட்டன் மானிங் 2015ல 9 டச்டவுன் 17 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 67.9, அந்த சீசன்தான் டென்வர் சூப்பர் பவுல் (லீக்கோட ஃபைனல்) ஜெயிச்சுது. இழுத்துட்டுப் போனது டிஃபென்ஸ்.

பாக்கெட்_பாண்டி:
ஈஎஸ்பிஎன் 2011ல கொண்டு வந்த கியூபிஆர்ங்கிற இன்னொரு ரேட்டிங்ல ஓட்டம், சாக் எல்லாம் உண்டு, ஆனா ஃபார்முலாவை முழுசா வெளிய விடல, நாம போட்டு சரிபார்க்க முடியாது, அதனால எனக்கு அது ஒட்டல. கையில போட்டுப் பாக்கணும்னா இதைப் போடுங்க: பாஸிங் யார்டோட டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழிச்சு, சாக்ல போன யார்டையும் கழிச்சு, பாஸும் சாக்கும் சேர்ந்த மொத்தத்தால வகுங்க. ஓட்டம் இதுலயும் வராது, லமார் மாதிரி ஆளுக்கு அதைத் தனியாப் பாத்துக்கங்க.